நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்

2014 ஏப்ரலில் எங்கள் தெரு வெல்டர் பையன் ஒருவன் ஈராக்குக்கு வேலைக்குப் போனான். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது முழு உண்மை இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது.

ஓசூரில் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். 2012, 2013இல் மின்வெட்டு கடுமையாக இருந்தது. பெரிய கம்பெனிகள் ஜெனரேட்டர் வைத்துச் சமாளித்தன. அவர்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த சின்னப் பட்டறைகளால் முடியவில்லை. காண்ட்ராக்ட் ஆட்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அப்படி நின்றவர்களில் அவனும் ஒருவன். பத்தாவது தேறவில்லை. ஆனால் நல்ல கை. சாய்த்து வைத்த குழாயின் 6ஜி வெல்டிங் டெஸ்ட் பீஸில் அவன் முதல் அடுக்கான ரூட் ரன் போட்டு முடித்ததும் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். ஒரு இடத்தில்கூட விரல் இடறாது.

நான் ஓமானில் ரிஃபைனரி ஷட்டவுன் வேலை பார்த்துத் திரும்பியவன். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் வெளிநாடு போக நினைப்பவர்கள் முதலில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அத்திப்பள்ளி தாண்டி ஒரு மாடி அறையில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜென்டுக்கும் அது தெரிந்திருந்தது. ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு 10,000 ரூபாய் என்றார். வாங்கிக்கொண்டு பையனை அவரிடம் அனுப்பினேன்.

பையன் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்தான். பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர அனுமதி தேவை, என்று இருந்தது. பத்தாவது தேறாதவர்கள் ஈராக், லிபியா, ஏமன் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் இப்போது 18 நாடுகள் இருக்கின்றன. ஆள் எடுப்பவரும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். நானும் பத்தாவதில் தவறியவன்தான். அந்த அனுமதி கிடைத்த பிறகுதான் ஓமானுக்கு விமானம் ஏறினேன். அதனால் எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது.

அவன் கையில் இருந்தது துபாய் விசிட் விசா. சுற்றிப் பார்க்கப் போகிறவரிடம் அந்த அனுமதியைக் கேட்பதில்லை. துபாயில் இறக்கி, அங்கிருந்து ஈராக்குக்கு ஏற்றிவிடுவது இப்படிப்பட்ட ஏஜென்டுகளின் வழி. ஒப்பந்தம் என்று ஒரு ஜெராக்ஸ் தாள். சம்பள வரியில் வெள்ளை மை பூசி, அதன்மேல் வேறு தொகை எழுதியிருந்தது. ஏஜென்டின் பதிவு எண் எந்த மூலையிலும் இல்லை. இன்றைக்கு அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், அன்று அந்த வசதி இல்லை என்று சாக்குச் சொல்லலாம். எனக்கு அந்த வசதி தேவைப்படவே இல்லை. தாளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவன் அம்மா வந்தார். ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. விரலெல்லாம் முள் கீறியிருக்கும். நகையை அடகு வைத்தும் மகளிர் குழுவில் கடன் வாங்கியும் ஒன்றேகால் லட்சம் புரட்டியிருந்தார். மறுநாள் கட்ட வேண்டிய பணம்.

“அண்ணா, எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க பார்த்தீங்களா? சரியா இருக்கா?” என்றார்.

“பார்த்தேம்மா. எல்லாம் சரியா இருக்கு. தைரியமா அனுப்பு” என்றேன்.

கமிஷன் பணம் அப்போது என் பீரோவில் இருந்தது. ஆனால் பணத்துக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நானே கைகாட்டிய ஏஜென்டை நானே தப்பு என்று சொன்னால் தெருவில் என் மதிப்பு என்ன ஆகும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தது அந்தக் குடும்பம்.

ஜூன் 10 அன்று ஈராக்கின் மொசூல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகள் கையில் விழுந்தது. அங்கே கட்டுமான வேலையில் இருந்த 40 இந்தியர்கள் பிடிபட்டார்கள். ஒருவர் தப்பினார். மற்ற 39 பேரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். எங்கள் பையன் இருந்தது வெகு தெற்கே, நஜாஃபில். அங்கே சண்டை வரவில்லை. ஆனால் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. சம்பளம் ஒரு மாதத்தோடு நின்றிருந்தது. திரும்பி வர வழியில்லை. நஜாஃபில் இப்படிச் சிக்கிய இந்தியர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

அவன் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். 964 என்று தொடங்கும் எண். யார் என்று தெரிந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனை அணைத்து வைத்தேன். பயந்துவிட்டேன். எடுத்து, எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்டு இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்திருக்கலாம். யாரிடம் பேச வேண்டும் என்று அவனுக்காவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தூதரகம் நஜாஃபில் முகாம் போட்டதை உடன் இருந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தான். ஜூலையில் வெறுங்கையோடு வந்து சேர்ந்தான்.

நகை ஏலத்தில் போனது. ஆவணியில் நடக்க வேண்டிய அவன் தங்கையின் கல்யாணம் நின்றுபோனது. அவன் பிறகு வெல்டிங் ஹோல்டரைத் தொடவே இல்லை. ஜூஜூவாடிப் பக்கம் ஒரு குடோனில் லோடு ஏற்றப் போனான். அந்தக் கையை ஓசூரில் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போலீஸில் புகார் கொடுக்கலாம், சாட்சிக்கு வாங்க அண்ணா என்று அவன் அம்மா கேட்டார். விசாரித்தால் என் 10,000 ரூபாய் வெளியே வரும். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவரும் தனியாகப் போகவில்லை. ஏஜென்ட் ஆபீஸ் நடந்துகொண்டே இருந்தது. அடுத்த வருடம் பாகலூர்ப் பக்கமிருந்து இரண்டு பேர் அதே விசிட் விசாவில் கிளம்புகிறார்கள் என்று காதில் விழுந்தது. அவர்கள் வீடு எது என்று எனக்குத் தெரியும். நான் போகவில்லை.