புதுச்சேரியில் எங்கே உண்பது?

ஏரலிலிருந்து தனியே புதுச்சேரிக்குச் செல்லும் சகோதரர்கள், அங்கே எந்த உணவகத்தில் உண்பது என்று நம்மிடம் வினவுவதுண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நகரம் அது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் பிரெஞ்சு உணவு விற்கும் கடைகள் இன்றும் உள்ளன. பலவற்றில் மதுவும் உண்டு.

இறைச்சி ஹலாலா என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்வோர் உளர். அது பாதிக் கேள்வியே. மது புழங்கும் விரிப்பில் அமர்வதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மேலும், பிரெஞ்சுச் சமையலில் மதுவே ஒரு சரக்கு. ‘கோக் ஓ வான்’ என்பது ஒயினில் வேகவைத்த கோழி. முறைப்படி அறுத்த கோழியாயினும் அக்குழம்பு நமக்கு ஆகாது. மீன்தானே என்று துணியவும் இயலாது. மீன்மேல் ஊற்றும் சாற்றிலும் வெள்ளை ஒயின் சேர்வதுண்டு.

கூட்டமாகச் சென்றால் ஒருவர் தயங்கும்போது மற்றவர் தடுப்பார். ஏரல் கடைத்தெருவில் நம்மை அறியாதவர் இல்லை. அங்கோ அறிந்தவர் எவருமில்லை. தனிப்பயணத்தின் சோதனை அதுதான்.

இரண்டு நாள் ஸபராக நாம் சென்றபோது, ளுஹருக்கு ஒரு பள்ளிவாசலில் ஜமாஅத்துடன் தொழுதோம். (கஸ்ருக்கு அனுமதி இருந்தும், ஊர் இமாமைப் பின்பற்றியதால் நான்கு ரக்அத்.) வெளியே வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். அருகிலிருந்த சிறு கடையைக் காட்டினார். மது இல்லை, நடத்துபவர் முஸ்லிம். இரவில் அவ்வளவு தூரம் திரும்பி நடக்க மனமின்றி, சைவக் கடையொன்றில் இட்லி உண்டோம். அதில் குறைவொன்றும் இல்லை.

பகலில் அச்சிறு கடையில், அறுத்தவர் யார், பிஸ்மி சொன்னாரா என்றெல்லாம் நாம் துருவவில்லை. புதிதாக இஸ்லாத்தை ஏற்றோர் கொண்டுவந்த இறைச்சி பற்றி இவ்வாறே ஐயம் எழுந்தபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நாமும் பிஸ்மில்லாஹ் கூறிச் சோற்றில் கை வைத்தோம்.