பனியில் ஒற்றைத் தடம்

ஜனவரி மாதம் விடியற்காலை ஆறரை மணிக்குச் செண்டுவாரை எஸ்டேட்டில் நின்றால், இருப்பது கேரளத்தில்தானா என்று சந்தேகம் வரும். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் வெள்ளை. ஷூவை வைத்தால் நறநறக்கிறது. 2019 ஜனவரியில் மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகள் பலவற்றில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது கொண்டாட்டம். தேயிலைக்கு அப்படியல்ல. உறைபனி பிடித்த கொழுந்து வெயில் பட்டதும் கருகிவிடும். அரை மணி நேரத்தில் என் கால்தடங்களும் பனியோடு சேர்ந்து தண்ணீராகிவிட்டன.

இரண்டு நாட்களுக்கு முன்பு பாலக்காட்டில் வியர்த்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டிலிருந்து மூணாறு போகும் இந்த வழியே ஒரு வேடிக்கை. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். மலைத்தொடரில் விழுந்த பெரிய இடைவெளி வழியாக வரும் காற்று ஊர் முழுக்கச் சுற்றுகிறது. சின்னாறு செக்போஸ்ட் தாண்டினால் மழை மறைவுப் பிரதேசம், முள்மரங்களும் கள்ளியும். மறையூரில் சந்தனக் காடு. அதற்கும் மேலே தேயிலை. ஒரு பகல் பஸ் பயணத்துக்குள் இத்தனையும்.

முதுகில் 14 கிலோ. அரிசி, பருப்பு, சின்ன ஸ்டவ், கம்பளி. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை 32 கிலோமீட்டரை, யாரிடமும் எதுவும் வாங்காமல், தனியாக இரண்டு நாளில் நடப்பது என்பது திட்டம். காட்டுப் பாதைகளில் தனியாக நடக்க அனுமதி கிடைப்பதில்லை, வழிகாட்டி வேண்டும். எனவே தார் ரோடு.

இந்த ஆசை வந்ததற்குக் காரணம் பிரீத் சாண்டி. பிரிட்டனின் டெர்பி நகரில் பிறந்த பஞ்சாபி வம்சாவளிப் பெண். பிரிட்டிஷ் ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர், பிசியோதெரபிஸ்ட். டயர்களை இடுப்பில் கட்டி இழுத்துப் பயிற்சி எடுத்தவர். 2022 ஜனவரி 3-ம் தேதி, 40 நாட்களில் சுமார் 1,130 கிலோமீட்டர் தனியாகப் பனிச்சறுக்கி தென் துருவத்தை அடைந்தார். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை கண்டத்தையே குறுக்காகக் கடப்பது நோக்கம். சறுக்கு வண்டியில் சுமார் 120 கிலோ; உணவு, எரிபொருள், கூடாரம் எல்லாம் அதில்தான். தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும். 70 நாட்களில் 1,485 கிலோமீட்டர் போனார். துணையின்றித் தனியாகச் செய்த துருவப் பயணங்களில் அதுவரை இல்லாத தூரம். ஆனால் கண்டத்தைக் கடந்து முடிக்க நேரம் போதவில்லை. விமானம் வந்து ஏற்றிக்கொண்டது.

அவருக்கு முன்பே, 2009 டிசம்பரில், ரீனா கௌஷல் தர்மசக்து தென் துருவத்துக்குச் சறுக்கிப் போன முதல் இந்தியப் பெண் ஆனார். அது காமன்வெல்த் நாட்டுப் பெண்களின் குழுப் பயணம்.

'துணையின்றி' என்ற சொல்லுக்குத் துருவக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு கறாரானது. வழியில் உணவு போடக்கூடாது. பட்டம் கட்டிக் காற்றில் இழுபடக்கூடாது. யாராவது கொடுக்கும் பிஸ்கட்டைக்கூட வாங்கக்கூடாது. 2018-ல் கோலின் ஓபிராடி என்ற அமெரிக்கர் 54 நாளில் கண்டத்தைத் தனியாகக் கடந்ததாக அறிவித்தபோது பெரிய சண்டை. கடைசிப் பகுதியில் அவர் போனது, டிராக்டர்கள் ஓடி இறுகிய, கொடி நட்ட தடத்தில். பாதையே ஒரு துணைதானே என்றார்கள் மற்றவர்கள். அவர்கள் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் கணக்குப்படி நான் முதல் நாளே அவுட். குண்டளையில் ஒரு டீ குடித்தேன். எல்லப்பட்டியில் ஒரு வீட்டில் தங்கினேன். ரோடு போட்டவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

செண்டுவாரையில் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா என் மூட்டையைப் பார்த்துவிட்டு நின்றார். "தனியாவா வந்தீங்க தம்பி? துணைக்கு ஆளில்லையா?" வேண்டுமென்றேதான் தனியாக வந்தேன் என்றேன். "கோவிச்சுக்கிட்டு வந்தீங்களா?" என்றார் அடுத்து. தனியாக நடப்பதற்கு வேறு காரணம் இருக்கமுடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றாததில் வியப்பில்லை. இவரைப் போன்றவர்களின் பாட்டன் பூட்டன்கள் கூட்டமாகத்தான் சமவெளியிலிருந்து இந்த மலை ஏறினார்கள், தலையில் சுமையோடு. 1908-ல் இங்கே சின்ன ரயில் ஓடியது. மூணாறு தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலைத் துடைத்துப் போட்டது. ஊர்ப் பெயரில் மட்டும் ஸ்டேஷன் மிச்சம்.

மத்தியானம் டாப் ஸ்டேஷன் வியூ பாயிண்டில் நின்றேன். மூணாறு ரோடு வழியாக வந்தாலும் இது தமிழ்நாட்டு மண். கீழே தேனிப் பக்கம் குரங்கணி மலைகள். 2018 மார்ச் 11-ம் தேதி அங்கே காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டமாகப் போனவர்கள்தான். தீ வேகமாக ஏறும்போது எண்ணிக்கை உதவவில்லை. முதலில் மேலே ஓடிவந்து உதவியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள்.

ஹென்றி வொர்ஸ்லி ஞாபகம் வந்தார். பிரிட்டிஷ் முன்னாள் ராணுவ அதிகாரி. 2016 ஜனவரியில், தனியாக அன்டார்டிகாவைக் கடக்க 71 நாள் நடந்து, முடிய சுமார் 48 கிலோமீட்டர் இருக்கும்போது போனில் உதவி கேட்டார். விமானம் வந்தது, சிலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுக்குள் பரவிய தொற்றால் 24-ம் தேதி இறந்தார். துணையின்றிப் போகிறவர்களிடமும் சாட்டிலைட் போன் இருக்கிறது. எப்போது அழைப்பது என்பதை மட்டும் தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். சாண்டி முடித்துக்கொண்டதையும் வொர்ஸ்லி தாமதித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1,485 கிலோமீட்டரைவிட அந்தத் திரும்புதல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வியூ பாயிண்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்து ஒரு பழைய நடைபாதை இறங்குகிறது. ஆசையாக இருந்தது. கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "அதுல தனியா இறங்காதீங்க சார். மூணாறு பஸ் இப்ப வந்துரும்."

பஸ் வந்தது. 14 கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அரிசியும் பருப்பும் அப்படியே இருந்தன.