பீரோவில் ஒரு தட்டு

ஒன்றோடொன்று சேராத உடைகள் பெருகும்போதுதான், பீரோ நிறைந்திருந்தும் உடுத்த எதுவும் இல்லாத நிலை வருகிறது. ரவிக்கை இறுகிப்போன சேலை, எந்தச் சட்டைக்கும் பொருந்தாத பேன்ட், பாதி விலை என்பதற்காகவே வீட்டுக்கு வந்த சுடிதார் என்று தட்டுகள் நிரம்புகின்றன. அன்றாடம் கை போவது என்னவோ அதே ஏழெட்டு உடைகளுக்குத்தான். அந்த ஏழெட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கைக்கு வருகின்றன என்று கண்டறிந்து, அந்தக் காரணங்களுக்குப் பொருந்தும் உடைகளை மட்டும் வைத்துக்கொள்வதே அளவான உடைத்தொகுப்பு. எண்ணிக்கை அதன் பின்னால் தானாகக் குறையும். எண்ணிக்கையிலேயே தொடங்கி, பாதித் துணியை மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த பண்டிகைக்குள் அந்த இடத்தை மறுபடி நிரப்பிவிடுகிறார்கள்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு கேப்ஸ்யூல் வார்ட்ரோப் என்று பெயர். 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ இதைப் பரப்பினார். மோஸ்தர் மாறினாலும் பழசாகாத சில நல்ல உடைகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்வது அவர் காட்டிய வழி. 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் என்ற வடிவமைப்பாளர், ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளத்தக்க ஏழு உடைகளை ஒரு தொகுப்பாக வெளியிட்டார். காலையில் அலுவலகம் போகும் பெண் அதே உடையில் சிறு மாற்றத்தோடு மாலை விருந்துக்கும் போகலாம் என்பதே அதன் கணக்கு. 2010இல் கோர்ட்னி கார்வர் தொடங்கிய புராஜெக்ட் 333 இன்னும் கறாரானது. செருப்பு, நகை உட்பட 33 உருப்படிகளோடு மூன்று மாதம் ஓட்ட வேண்டும். உள்ளாடையும் இரவு உடையும் அதில் சேர்த்தியில்லை.

இந்த மூன்றிலும் உள்ள தத்துவம் எங்கும் செல்லும். பட்டியல் அப்படிச் செல்லாது. குளிர்நாட்டுப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் கறுப்பு பிளேசரும் கம்பளி ஸ்வெட்டரும் முழங்காலளவு மழைக்கோட்டும் சென்னையில் வருடம் முழுக்க மாட்டியபடியே தொங்கும். ஆகவே தமிழ்நாட்டில் உடைத்தொகுப்பை யோசிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வெயிலையும் புழுக்கத்தையும்தான். சாதாரணச் சூழலில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டர் வைத்திருப்பது 0.4 சதவீதம். மே மாதத்தில் நெரிசலான பேருந்தில் நிற்கிறவரின் முதுகு இந்த வித்தியாசத்தை நன்றாகவே அறியும். அதற்காகப் பாலியெஸ்டர் கலந்த துணியை அடியோடு தள்ளிவிட வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையில் பருத்திச் சேலை இரண்டு நாளானாலும் உலராது. மழைக்காலத்துக்கென இரண்டு கலப்புத் துணிகள் வைத்திருப்பது விவேகம்.

வாரத்தில் ஆறு நாள் சேலை கட்டி வேலைக்குப் போகும் ஓர் ஆசிரியையின் பீரோவை எடுத்துக்கொண்டால், பத்துப் பருத்திச் சேலைகள் தாராளமாகப் போதும். வாரம் ஆறு, துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரியில் இருப்பவை மூன்று நான்கு என்று சுழற்சி சரியாக அமையும். பத்தும் பத்து விதமாக இருப்பதைவிட, இரண்டு மூன்று நெசவுகளுக்குள் நிற்பதுதான் ஒரு தோற்றத்தை உருவாக்குகிறது. காரைக்குடிக் கண்டாங்கி கெட்டித் துணி. அகலக் கரையும் கட்டமுமாக, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று அழுத்தமான நிறங்களில் வரும். மதுரைச் சுங்குடி மெல்லியது, வெயிலுக்கு இதமானது. மதுரைச் சௌராஷ்டிரர்கள் துணியில் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கிப் புள்ளிகளை எடுக்கும் கலை அது. கையால் முடிந்த சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் சற்றே முன்பின்னாக இருக்கும், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகக் கூம்பி நிற்கும். இயந்திரத்தில் அச்சடித்த புள்ளி தட்டையாகவும் ஒரே அளவாகவும் இருப்பதால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாங்கும்போது நூலின் கவுண்ட்டையும் கேட்பது நல்லது. எண் கூடக் கூட நூல் மெலியும். 100, 120 கவுண்ட் சேலை மிருதுவாக இருக்கும், அதே அளவு கவனமும் கேட்கும். முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து நெசவு சீராக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு முனையை உள்ளங்கையில் கசக்கும்போது கஞ்சி மாவாக உதிர்ந்தால், முதல் துவையலிலேயே சேலை தொய்ந்துவிடும் என்று கொள்ளலாம்.

சேலைத் தொகுப்பு அளவு மீறுவது பெரும்பாலும் ரவிக்கையால்தான். சேலைக்கு ஒரு ரவிக்கை என்ற வழக்கம் வந்தபின் செலவும் இடமும் இரட்டிப்பாயின. லைனிங் வைத்துத் தைக்கும் கூலி சில சமயம் சாதாரணப் பருத்திச் சேலையின் விலையையே எட்டிவிடுகிறது. இதை அவிழ்க்கும் வழி எளிது. கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள், வெளிர் சந்தனம் ஆகிய நான்கு நிறங்களில் டூ பை டூ ரூபியாவில் ரவிக்கைகளும், கூடவே ஒரு கலம்காரி ரவிக்கையும் இருந்தால் பத்துச் சேலையில் எட்டுக்காவது பொருந்திவிடும். கடுகு மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் உள்ள கண்டாங்கிக்கு முதல் மூன்றில் எதுவும் சரியாக இருக்கும். கருநீலச் சுங்குடிக்குச் சந்தனமும் பொருந்தும், கறுப்பும் பொருந்தும். அப்படியானால் அந்த ஒரே சேலை வேறு வேறு நாளில் வேறு வேறு தோற்றம் தரும். தையற்காரரிடம் பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னால், உடம்பு பெருத்தாலும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஓர் அங்குலம் இல்லாததால் மட்டும் பீரோவில் முடங்கிய சேலைகள் தமிழ் வீடுகளில் ஏராளம். இதே கணக்கில் உள்பாவாடையும் மூன்று நிறங்களில் போதும்.

ஆண்களின் தொகுப்புக்கு வேட்டி பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வெள்ளை வேட்டி எந்தச் சட்டையையும் ஏற்கும். வீட்டுக்கும் வெளிவேலைக்கும் நாலு முழம், விசேஷங்களுக்கு எட்டு முழம். பேன்ட் போடுகிறவர்களுக்கும் கருநீலம், சாம்பல், காக்கி என்று மூன்று நிறங்களும், அவற்றோடு சேரும் வெளிர் சட்டைகள் ஆறும் இருந்தால், காலையில் நிறம் பார்த்து நிற்க வேண்டிய அவசியமே வராது. சிலர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய் ஒரே உடையில் நிலைத்துவிடுவார்கள். ஜப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாகே தைத்துக்கொடுத்த கறுப்பு டர்டில்நெக் சட்டையே ஸ்டீவ் ஜாப்ஸின் அடையாளமாகிப்போனது. பெரியாரின் கறுப்புச் சட்டையோ 1945இல் உருவான கருஞ்சட்டைப் படையின் அடையாளமாக, ஒரு கொள்கையையே சொல்லும் உடையாக நின்றது.

கொள்கையால் உடையைக் குறைத்தவர்களில் காந்தியின் பெயரை விட்டுவிட முடியாது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்கால் வரையிலான அரைத்துணிக்கு மாறினார். கதர் வாங்கக்கூடக் கையில் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அக்டோபர் 31 வரைக்குமாவது என்று முதலில் கெடு வைத்துக்கொண்டவர், கடைசி வரை அதிலிருந்து மாறவில்லை. மகத்தான முடிவு அது; ஆனால் அளவான உடைத்தொகுப்பு என்று இங்கே பேசப்படுவது அது அல்ல. அது துறவு. இதுவோ உடையை ரசிக்கிறவர், தமக்கு எது பொருந்துகிறது என்று தெரிந்து செய்யும் தேர்வு.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடை குறைவாக இருப்பது எல்லோருக்கும் விருப்பமாக இருந்ததில்லை. ஒன்றை உடுத்தி ஒன்றை மாற்றுத்துணியாக வைத்திருந்த காலத்தைப் பார்த்த குடும்பங்கள் இன்றும் உண்டு. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைக் கலகம் என்று அறியப்படும் அந்தப் போராட்டத்தின் விளைவாக 1859இல்தான், அதுவும் மேல்சாதியார் உடுத்தும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனையோடு, அரசு ஆணை வந்தது. அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாகவே பொதுவெளியில் நின்றார் என்றால், அந்த உடைக்கு ஒரு வரலாற்றுப் பொருள் இருந்தது. நல்ல உடை மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று நிறைய வாங்கி மகிழ்வதைக் குறையாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. எளிமை என்பது வேண்டியதை உடுத்தும் வசதியும் உரிமையும் உள்ளவர் தாமே எடுக்கும் முடிவாக இருக்கும்போதுதான் அழகு.

குறைவாக வைத்திருக்கும் துணி அடிக்கடி உடுத்தப்படும். ஆகவே பராமரிப்பு இந்த முறையின் உயிர்நாடி. புதுச் சாயச் சேலையைக் கல்லுப்புக் கரைத்த நீரில் ஊறவைத்து, முதல் சில தடவை தனியாக அலசுவது பழைய வழக்கம். வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நீர்க்கக் கரைத்து முக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மடிப்பு படியும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் மிகாமல் இருப்பது முக்கியம். மிகுந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பட்டுச்சேலையைச் சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைக்காவிட்டால் ஜரிகை மடிப்போடு முறியும். அந்துருண்டை ஜரிகைமேல் படாமல் பார்த்துக்கொள்வதும், அதற்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து வைப்பதும் அனுபவசாலிகள் செய்வது.

வெளியிலிருந்து வரும் நெருக்கடி வேறு இருக்கிறது. தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி என்று ஆண்டு முழுக்கக் கடைகள் அழைக்கும். தள்ளுபடிக் கூட்டத்தில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவோ, வீட்டில் இருக்கும் ரவிக்கையோடு மனத்தில் பொருத்திப் பார்க்கவோ நேரம் கிடைப்பதில்லை. தேவையற்ற துணிகளில் பெரும்பகுதி வீட்டுக்குள் வருவது அந்த நேரத்தில்தான். பண்டிகைக்கு ஒரு நல்ல உடை என்று நிறுத்திக்கொண்டு, அதை அவசரமில்லாத ஒரு வாரநாளில், கோ-ஆப்டெக்ஸ் போன்ற கைத்தறிக் கடையிலோ நெய்யும் ஊரிலோ வாங்குவது மேல். விசேஷ வீடுகளில் வைத்துக்கொடுக்கும் ரவிக்கைத் துணிகளும் சேலைகளும் மறுக்கக்கூடாதவை. அவற்றைத் தனியே ஒரு பையில் வைத்து, பயன்படுத்தக்கூடியவர்களுக்குப் பிரிக்காமல் கொடுத்துவிடலாம்.

புதிதாக ஒன்று வரும்போது பழையது ஒன்று வெளியேற வேண்டும் என்பது பலரும் கைக்கொள்ளும் விதி. நன்றாக இருப்பதை உடுத்தும் நிலையிலேயே கொடுக்க வேண்டும். சாயம் போய்க் கிழிந்ததைத் தானம் என்று கொடுப்பது மரியாதை ஆகாது. நைந்த பருத்திச் சேலைக்கு வீட்டிலேயே வேலை உண்டு. மெலிந்து மிருதுவான பகுதி குழந்தைக்குத் தூளியாகும், கரைப்பகுதி அடுப்படியில் பிடிதுணியாகும். அசல் ஜரிகை உள்ள பழைய பட்டை, அதிலுள்ள வெள்ளிக்காக எடை போட்டு வாங்குகிற வியாபாரிகள் நகரங்களில் இருக்கிறார்கள். பாலியெஸ்டர் துணிக்கு இப்படி மறுவேலை அதிகம் அமைவதில்லை. அதனால் அதை வாங்கும்போதே எத்தனை நாள் உழைக்கும், பிறகு எங்கே போகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.