மதிப்பெண் ஏடு

சுருட்டுக்கு மதிப்பெண் இடுவது சில ஆண்டுகளாக நமக்குப் பொழுதுபோக்கு. துபாயிலிருந்து வரும் மைத்துனர் ஹவானாச் சுருட்டுப் பெட்டியொன்று கொணர்வார். 1992இல் தோன்றிய ‘சிகார் அஃபிசியனாடோ’ என்னும் அமெரிக்க ஏட்டின் வழியில் நாமும் நூற்றுக்கு இத்தனையெனக் குறித்து வைப்போம். மேலிலையின் வழவழப்பு, தடையற்ற இழுப்பு, சீரான எரிவு, சுவை, சாம்பல் உதிராது நிற்கும் நீளம், எல்லாவற்றுக்கும் கணக்குண்டு. மாண்டிகிறிஸ்டோ 94 பெற்றது. தூமாவின் நாவல் தந்த பெயராதலால் நம் இலக்கியப் பித்தும் இரண்டொன்று கூட்டியிருக்கலாம்! உறையூர்ச் சுருட்டுக்கு 61. ஆங்கிலேயரின் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’ என்னும் சொல்லே. 1887இல் வெளிவந்த முதற்கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைக் கண்டு திருச்சிச் சுருட்டென்று சொல்லிவிடுகிறார். இவ்வளவு பெருமை அறிந்தும் 61தான்.

ஒருமுறை மைத்துனர் காகித வளையங்களைக் கழற்றிவிட்டு, மூன்று மாலைகளில் மூன்று சுருட்டுகள் தந்தார். முறையே 92, 74, 85 இட்டோம். மூன்றும் ஒரே பெட்டியில் எடுத்தவையாம். கையால் சுற்றப்படுபவை ஒன்றுபோல் ஒன்று இராவென வாதிட்டோம், அவர் சிரித்தார்.

அருகிருந்த இல்லாள் சிரிக்கவில்லை. “உறையூருக்கு எதிலே மார்க்கைக் குறைத்தீர்கள்?” என்றார். வாப்பா நாற்பதாண்டு பிடித்தது அதைத்தான். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே என்பார், இன்று நாம் சொல்வதுபோலவே. நாக்கில் புற்றென்று அறுத்தபின் நோன்புக் கஞ்சியின் உப்பும் அவருக்குத் தெரியவில்லை. அக்கஞ்சியை ஊட்டியவர் இல்லாள்.

“காரம் மிகுதி” என்றோம்.

ஏட்டை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை நாம் இன்னும் கேட்கவில்லை.