கோல் கம்பத்துக்குப் பின்னால்

மழை பெய்தால் மைதானம் மணக்கவேண்டும் என்பது என் உடம்பில் ஊறிப்போன எதிர்பார்ப்பு, போன சனிக்கிழமை ஏழு வயதுப் பேரனின் ஆட்டம் பார்க்கக் குடையோடு போய் நின்றபோதும் மூக்கு அதைத்தான் தேடியது, வந்ததோ சைக்கிள் கடையில் தொங்கும் புது டயரின் வாசம். செயற்கைப் புல்லுக்கு இடையில் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் மணிகள் அவை, பிள்ளையின் காலுறைக்குள் புகுந்து வீட்டுக் கம்பளம் வரைக்கும் வந்துவிடும், 2031க்குப் பிறகு மைதானத்துக்கென்று அவற்றை விற்கக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே போட்டுவிட்டார்கள். சேறு இல்லை, புழுதி இல்லை, பேரன் போன மாதிரியே துப்பரவாகத் திரும்பி வருகிறான். அணிக்கு மூன்று பேர், நான்கு மூலைக்கு நான்கு குட்டிக் கோல்கள், கோல்கீப்பர் கிடையாது, 2024இலிருந்து ஜேர்மனி முழுவதும் சின்னப் பிள்ளைகளின் உதைபந்தாட்டம் இப்படித்தான், புள்ளிப் பட்டியலும் இல்லை. எல்லாப் பிள்ளைகளின் காலிலும் பந்து படுகிறது, அது நல்லதுதான், ஆனால் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

ஏனென்றால் நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பழகியவன். பக்கக் கோட்டில் நின்றால் கால்கள்தான் தெரியும், கம்பத்துக்குப் பின்னால் நின்றால் பந்தோடு வருகிறவனின் முகம் தெரியும் என்று எனக்குச் சொன்னவர், டோட்முண்டுக்குப் பக்கத்திலே நாங்கள் குடியிருந்த சிறு நகரத்தில் மேல்வீட்டில் இருந்த ஒரு கிழவர், முப்பத்தைந்து வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். கரித்தூள் புகுந்து ஆறிய காயங்கள் புறங்கையில் நீலக் கோடுகளாகக் கிடக்கும், பச்சை குத்தியது என்றுதான் முதலில் நினைத்தேன். இருமல் வந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து வாயில் போடுவார், எனக்கும் ஒன்று நீட்டுவார், மகனுக்கு இரண்டு.

அந்த நாளில் மைதானம் சிவப்பு. சுரங்கக் குப்பைமேடுகளில் எரிந்து சிவந்த கல்லையும் உலைக் கசடையும் நொறுக்கிப் பரப்பிய தரை, அதைச் சாம்பல் மைதானம் என்பார்கள், மழை விழுந்தவுடன் அணைத்த அடுப்பும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு மணம் எழும்பும். 1991இல் மார்ஸ்பேர்க் செப்பு உலைக் கசடில் டையாக்சின் இருப்பது தெரியவந்து, அதைப் போட்ட மைதானங்களைக் கம்பி அடித்து மூடியிருந்தார்கள், எங்களுடைய சிவப்பு அந்த வகை இல்லை என்று கிழவர்தான் மனைவியின் பயத்தைத் தீர்த்துவைத்தார். விழுந்தால் முழங்கால் உரியும், மணி மணியாகக் கல் தோலுக்குள் இருந்துகொள்ளும், மனைவி மகனைக் குளியல் தொட்டியின் விளிம்பில் இருத்தி ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுப்பாள், தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடும், அவன் அழாமல் அன்றைய ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பான், யார் யாருக்குப் பந்து கொடுத்தான், யார் கொடுக்கவில்லை என்று. ஈரச் சப்பாத்துக்குள் கிழவர் படித்து முடித்த பத்திரிகையைக் கசக்கித் திணித்து, சூடேற்றிக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்போம், காய்கிற தோலும் அச்சு மையும் சேர்ந்த அந்த வாசத்தில்தான் மூன்று பேரும் ஒரே அறையில் நித்திரை கொண்டோம்.

தோல் காய்கிற மணம் எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஐயாவின் பந்து கிடக்கும், உள்ளே காற்றுப் பை வைத்துக் காற்றடித்து, வாயை நாடாவால் இறுக்கிக் கட்டுகிற பழைய தோல் பந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இருந்து, தையல் வழியெல்லாம் விரலால் தேங்காய் எண்ணெய் தடவுவார், வலையில் கிழிசல் பார்ப்பதுபோல ஒவ்வொரு முடிச்சாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். கடலிலிருந்து வருகிற காற்றில் கருவாடும் அவருடைய சுருட்டும் அந்த எண்ணெயும் கலந்திருக்கும். பின்னேரம் வெயில் சாய்ந்து மணல் மஞ்சளாகிற நேரத்தில் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்கு வருவார், நாங்கள் வெறுங்காலோடு ஆடுவோம், இடைவேளையில் தேசிக்காய்த் துண்டும் உப்பும் தருவார். பக்கத்து ஊர் அணியின் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை, ‘அங்காலை ஆக்கள்’ என்பார், அவ்வளவுதான்.

இதைக் கிழவருக்கு என் உடைந்த ஜேர்மன் மொழியில் ஒருநாள் சொன்னேன், அவர் இருமும் வரைக்கும் சிரித்தார். அவர் ஷால்க கழகத்தின் ஆள், டோட்முண்ட் என்ற பெயர் அவர் வாயிலும் வராது, ‘லூடன்ஷைட் வடக்கு’ என்றுதான் சொல்வார், ஷால்க ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். என் மகனோ டோட்முண்டின் மஞ்சள் சட்டைக்காரன். 1997 மே 21ஆம் திகதி மிலானில் ஷால்க பெனால்டி உதைகளில் வென்று யூஈஎஃப்ஏ கிண்ணம் எடுத்தது, சரியாக ஒரு கிழமை கழித்து மியூனிக்கில் டோட்முண்டுக்கும் யுவெந்தஸுக்கும் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், எங்களிடம் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி கோடு கோடாக ஓடும், கிழவர் வந்து கதவைத் தட்டிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார், நானும் பின்னால் போனேன். ரீட்லே இரண்டு அடித்தார், டெல் பியரோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார், பிறகு டோட்முண்டிலேயே பிறந்து வளர்ந்த இருபது வயது லார்ஸ் ரிக்கன் உள்ளே வந்து, வந்த பதினாறாவது விநாடியில், தன் முதல் தொடுகையிலேயே பந்தைத் தூரத்திலிருந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலால் வளைத்துப் போட்டார். மகன் கத்தவில்லை, வாயைத் திறந்தபடி கிழவரைத் திரும்பிப் பார்த்தான், மகிழலாமா என்று கேட்கிறதுபோல, கிழவர் பெப்பர்மின்ட் பையை அவன் மடியில் வைத்தார்.

அந்த வசந்தத்திலேயே இன்னொரு சனிக்கிழமை இருந்தது. அந்த நாளில் அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் பதிந்த மாவட்டத்தைவிட்டு எழுத்து அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது, மகனின் அணிக்கு எல்லைக்கு அப்பால் பன்னிரண்டு கிலோமீற்றரில் ஆட்டம், கடிதம் கேட்டு மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தேன், வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் திங்கள் வாருங்கள் என்றார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மாவட்டம் என்றால் என்ன என்று எப்படி விளங்கப்படுத்துவது, அவன் உடுப்புப் போட்டு, சப்பாத்துக் கட்டி, படிக்கட்டில் போய் இருந்துவிட்டான், பயிற்றுநரின் கார் போகிற சத்தமும் கேட்டது. 1995 ஒக்டோபரில் போரில் யாழ்ப்பாணமே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது ஐயா குடையைத் தவிர ஒன்றும் எடுக்கவில்லை என்று தங்கச்சி எழுதியிருந்தாள், அந்தப் பந்து கட்டிலுக்குக் கீழேயே கிடந்திருக்கும், அப்படி ஊரைவிட்டுப் போகவைத்தவர்களிடமிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து ஒரு கோட்டுக்கு உள்ளே நிறுத்திவிட்டேனே என்றுதான் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருடமாக அந்தச் சனிக்கிழமையை மகனிடம் நான் பேசியதில்லை.

போன சனிக்கிழமை குடைக்குள் அவனும் பக்கத்தில் நின்றான், தலையில் நரை தெரிகிறது. சுரங்கத்துக் கிழவரைப் பற்றிக் கதை வந்தது, 2018 டிசம்பர் 21ஆம் திகதி பொட்ரொப்பில் கடைசிச் சுரங்கத்தை மூடி, கடைசிக் கரித்துண்டை ஜனாதிபதியின் கையில் கொடுத்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை என்று சொன்னேன், அந்தக் கதையோடு வாய்தவறி அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது.

“எந்தக் கடிதம்?” என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான்.

“அண்டைக்கோ? அண்டைக்கு நீங்களெல்லோ படிக்கட்டிலை கோலுக்கு நிண்டனீங்கள், அப்பா. காலுறையோடை வழுக்கி விழுந்து, கீழ்வீட்டு மனுசி கதவைத் திறந்து பேசினது. பின்னேரம் வரைக்கும் விளையாடினனாங்கள். எனக்கு அதுதான் ஞாபகம்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. மண்டையைக் குடைந்து பார்த்தேன், படிக்கட்டின் குளிர்ந்த சீமெந்தும், சுவரில் பந்து பட்டுத் திரும்புகிற ஓசையும் மெல்ல வந்தன, அவன் சொன்னதால் வந்தனவா, உள்ளே இருந்துதான் வந்தனவா, பிரித்தறிய முடியவில்லை. நான் காவல் காத்து வைத்திருந்தது ஒரு சனிக்கிழமை, அவன் கொண்டுபோனது வேறு ஒரு சனிக்கிழமை.

வீட்டுக்கு வந்து பேரனின் சப்பாத்துக்குள் திணிக்கப் பத்திரிகை தேடினேன், மகன் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை, கடை விளம்பரத் தாள்தான் கிடந்தது, வழுவழுப்பானது, ஈரம் குடிக்காது. சூடும் இப்போது தரைக்கு அடியிலிருந்து வருகிறது, சப்பாத்தைச் சாய்த்து வைக்க ஒரு சூடேற்றிகூட இல்லை. “அது தானாக் காயும், அப்பப்பா” என்று பேரன் சொன்னான், ஒரு கடற்பஞ்சுப் பந்தை நடைவழியில் உருட்டிக்கொண்டு, ஆள் இல்லாத கோலுக்கு அடித்துப் பழகிய பிள்ளை, பந்தைக் காலுக்குக் கீழே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.