பூவரசங்குளத்தில் ஐந்து நாட்கள்

நடு அமெரிக்காவிலே, குவாத்தமாலா, பெலீஸ் முதலிய நாடுகளில், மாயா இன மக்களின் சிற்றூர்களுக்குச் செல்வோர் அவ்வூர்க் குடும்பங்களிற் கட்டணங் கொடுத்துத் தங்கி, அவர்கள் அரைத்த சோளமாவில் தட்டிய ரொட்டியை உடனிருந்து உண்டு திரும்பும் வழக்கம் இக்காலத்தில் உண்டு. நம் நாட்டிலும் அத்தகைய இல்லங்கள் தோன்றியுள்ளன. உழைக்கும் ஊரவர்க்கு வருவாய் தரும் அவ்வேற்பாட்டை யான் குறைகூறேன். ஆயினும் அதுபற்றிப் படிக்குந்தோறும், ஒரு சதமேனுங் கொடாமல் யான் ஒரு வன்னிக் குடும்பத்திற் கழித்த ஐந்து நாட்கள் நினைவில் எழுந்து நெஞ்சை உறுத்துகின்றன. மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டிய இவ்வேளையில் அதனையே எழுதத் துணிந்தேன்.

1973ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறை. பங்கீட்டரிசி குறைக்கப்பட்டு, பாணுக்காக மக்கள் விடியுமுன் வரிசையில் நின்ற காலம். கல்லூரி விடுதியிலிருந்த என் வகுப்புத் தோழன் தன் ஊராகிய பூவரசங்குளத்திற்கு என்னை அழைத்தான். யாழ்தேவியில் வவுனியா சேர்ந்து, மன்னார் வீதியிலே பஸ் ஏறி, மாலை மழையில் இறங்கினோம். சாணமிட்டு மெழுகிய திண்ணையுடன் கூடிய மண்சுவர் வீடு. படலையில் நின்ற அவன் தாயார், “வா தம்பி, நனைஞ்சு போனாய்; முதல்லை தலையைத் துடை” என்றார். என் பெயரை அதன் பின்னரே கேட்டார்.

பகலெல்லாம் தோழனின் தந்தையாரோடு வயலிலும் குளக்கட்டிலும் திரிந்தேன். இரவிற் பன்றிக் காவலுக்குப் பரண் ஏறித் தகரந் தட்டினேன். செட்டிகுளம், பாவற்குளம் என அப்பகுதி ஊர்ப்பெயர்கள் பல குளத்திலே முடிவதன் காரணம், கிணற்று நீரால் தோட்டஞ் செய்யும் நாட்டிலிருந்து சென்ற எனக்கு அங்கேதான் விளங்கிற்று. வாடைக்காற்று மழையைத் தேக்கி, துருசு திறந்து வயலுக்கு விடாவிட்டால் அங்கே சோறில்லை. ஒருநாள் குளக்கட்டில் நின்று அவர் கூறினார்: “குளம் நிரம்பினால் வான் பாய்ஞ்சு கீழ்க்குளத்துக்குப் போகும். மிஞ்சின தண்ணியை மறிச்சு வைச்சால் கட்டு உடைஞ்சு போகும், தம்பி.”

மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் அடுக்களையில் ஒரு காட்சி கண்டேன். எனக்குச் சோறு பரிமாறிய அக்குடும்பத்தார் சம்பலோடு குரக்கன் ரொட்டி உண்டுகொண்டிருந்தனர். காலபோக நெல் அறுவடையாக இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. வீட்டில் எஞ்சிய அரிசி எனக்காகவே உலையேறியிருந்தது. மறுநாள் எனக்கும் குரக்கன் வேண்டுமென்றேன். தாயார் சிரித்தாரேயன்றி இசைந்தாரல்லர். புறப்படும்போது என் அன்னையார் தந்துவிட்ட பத்து ரூபாவை நீட்டினேன். “இதை வாங்கினால் நீ எங்கடை பிள்ளை இல்லையெண்டு ஆகிவிடும்” என்று தந்தையார் என் கையை மூடி, ஒரு போத்தல் தேனுந் தந்தார்.

இனிக் கூறுவதே கூறுதற்கு அரியது. 1974ஆம் ஆண்டு சித்திரையில் அப்பெரியவர் கண் மருத்துவத்திற்காக யாழ்ப்பாணம் வந்தவர், பொழுது சாயும் வேளையில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தார். கையிலே புது நெல்லரிசி முடிச்சு ஒன்று. எங்கள் வீட்டார் அவரை விறாந்தையில் இருத்தி, வெளியார்க்கென ஒதுக்கி வைத்திருந்த பேணியிலே தேநீர் கொடுத்தனர். உள்ளே வாருங்கள் என்று ஒருவருஞ் சொல்லவில்லை. யானுஞ் சொல்லவில்லை. என் படிப்பைப்பற்றி இரண்டொரு வார்த்தை கேட்டபின், “ரயிலுக்கு நேரமாச்சுது” என்று எழுந்தார். இரவு ரயிலுக்கு இன்னும் பல மணிநேரம் இருந்ததை யான் அறிவேன். விருந்தோம்பல் அதிகாரத்துப் பத்துக் குறளையும் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்ற மாணவன் யான் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் வேண்டும். தோழன் அதுபற்றி என்னிடம் ஒன்றுங் கேட்டிலன். அவனது அமைதி எவ்வசையினும் பெரிதாயிருந்தது.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவிட்டு நடந்தபோது யாங்களும் நடந்தோம். பின்னர் கிளாலிக் கடல் கடந்து வன்னி சேர்ந்தோம். முன்பின் அறியாத ஒரு கமக்காரர் தம் வீட்டிற் பாதியை எங்களுக்கு ஒழித்துத் தந்தார். எங்கள் ஊரைக் கேட்டார், வேறெதுவுங் கேட்டாரல்லர். அன்றிரவு அவர் மனைவியார் கொடுத்த சோற்றை என் தாயார் கையிலெடுத்தவாறே நெடுநேரம் உண்ணாதிருந்தார். எதனை நினைந்தார் என்று யான் கேட்கவில்லை.

1990இல் நின்றுபோன ரயில் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. மறு ஆண்டு அதிலேறி யான் பூவரசங்குளஞ் சென்றேன். பெரியவர் காலமாகிவிட்டார். தோழன் கடல் கடந்து வாழ்கிறான். பலமுறை இடம்பெயர்ந்து மீண்ட அந்தத் தாயார் மட்டும் திண்ணையில் இருந்தார். அந்த மாலையில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். “அவர் அப்பிடி ஒண்டுஞ் சொல்லேல்லையே! தம்பி வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனான் எண்டுதான் சொன்னவர். நீ சாப்பிட்டியோ?” என்றார்.

சோறு வந்தது, உண்டேன். கொடுத்தவர்க்கே திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு எனக்கு வாய்க்கவில்லை. மேற்குளத்து நீர் மேலே மீளாதன்றோ? ஆகவே, மாணவத் தம்பியரே, உங்கள் வகுப்பிலே தூர ஊர்ப் பிள்ளைகள் இருப்பர். அவர்களின் தந்தையர் ஒருநாள் உங்கள் படலையில் வந்து நிற்பர். வீட்டுப் பெரியோர் முந்தட்டும் என்று காத்திராமல், “உள்ளே வாருங்கள்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். யான் சொல்லத் தவறிய சொற்கள் அவ்விரண்டே.