வித்த விமானமும் விக்காத கடனும்

ஏர் இந்தியான்னா தலைப்பாகை கட்டின மகாராஜா பொம்மையைப் பத்தித்தான் எழுதுகிறார்கள். 1932இல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கிய கம்பெனி 1953இல் நாட்டுடைமையானது, 2022 ஜனவரி 27இல் டாடாவிடமே திரும்பிப் போனது. காணாமப்போன பிள்ளை வீடு திரும்பினதுபோலச் சந்தோசப்பட்டார்கள்.

நமக்கு அதில் மகாராஜா முக்கியமில்லை. ரோஸ்டர்தான் முக்கியம். பொதுத்துறை என்பதால் நூறு வேலையில் 15 தலித்துகளுக்கு, ஏழரை பழங்குடிகளுக்கு.

சிவகாசிப் பக்கம் எங்க தெருவுல அப்ப பொம்பளைக எல்லாரும் தீப்பெட்டி ஒட்டுவாங்க. 144 பெட்டி ஒட்டினாத்தான் ஒரு குரோஸ் கூலி. அந்தத் தெருவுக்கு முதல் மாசச் சம்பளம் கொண்டுவந்தது எங்க பெரியப்பா மகன். மெட்ராஸ் ஏர்போர்ட்டுல ஏர் இந்தியா சாமான் ஏத்தி இறக்குற வேலை, எஸ்.சி. கோட்டாவுல கெடச்சது. அண்ணன் அனுப்பின மணியார்டர்ல தங்கச்சி டீச்சர் டிரெய்னிங் முடிச்சா. அவ பிள்ளைக யாரும் தீப்பெட்டி ஆபீஸ் வாசலை மிதிக்கல.

விற்ற கணக்கைப் பாருங்கள். 18,000 கோடி என்றார்கள். அரசு கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடி. மிச்சம் 15,300 கோடி, டாடா ஏற்றுக்கொண்ட கடன். இன்னொரு 46,262 கோடிக் கடனை அரசு தன் தனி நிறுவனத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டது. சோப்பு வாங்கினாலும் வரி கட்டுற எங்க அம்மா தலையிலயும் அதுல பங்கு உண்டு.

கடனை இப்படிப் பிரித்து எழுதியவர்கள் அந்தப் பதினஞ்சை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? தனியாருக்கு இடஒதுக்கீட்டுச் சட்டம் கிடையாது. நிறுவனம் கைமாறின அன்னைக்கே புது ஆளெடுப்பில் நம்ம பங்கு முடிஞ்சுபோச்சு. தனியார் துறையிலும் இடஒதுக்கீடு என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. வித்த சொத்துல நம்ம பாகத்தைக் கேக்குறோம்.